கனத்த மடிக்கணினியும் வன்னி வெயிலும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர், நில அளவைப் படம் வரைபவர், கலியாண வீடியோ தொகுப்பவர், ட்ரோன் படங்களை ஒட்டி வயற்காணிகளுக்கு வரைபடம் செய்பவர் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே முடிவுக்கு வந்து சேருகிறார்கள். சாதாரண மடிக்கணினி போதாது, வேர்க்ஸ்டேஷன், அதாவது கனமான வேலைக்கென்றே செய்த வலுவான மடிக்கணினி, வேண்டும். டெல்லின் பிரிசிஷன், எச்.பி.யின் இசட்-புக், லெனோவோவின் திங்க்பேட் பி வரிசை ஆகிய மூன்றும்தான் இந்த வகையின் பெரிய பெயர்கள். புதியதன் விலையைக் கேட்டபின் பெரும்பாலானவர்கள் பாவித்த ஒன்றையே தேடுகிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. நன்றாகத் தெரிவு செய்த பழைய வேர்க்ஸ்டேஷன், பளபளக்கும் புதிய மலிவு மடிக்கணினியை விடப் பல வருடம் அதிகம் உழைக்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்த இயந்திரங்களைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பங்கு குளிரூட்டிய அறையில், தளம்பாத மின்சாரத்தில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. மல்லாவியில் தகரக் கூரையின் கீழ் மத்தியானம் இரண்டு மணிக்கு வீடியோ தொகுப்பவருக்கு அவை பாதிதான் பொருந்தும். இங்கே "செத்துப்போயிற்று" என்று திருத்துமிடத்துக்குக் கொண்டுவரப்படும் பல வேர்க்ஸ்டேஷன்களுக்கு உள்ளே ஒன்றும் நேர்ந்திருப்பதில்லை. கோளாறு சுவர்ச் சுவிச்சில் இருக்கும், சார்ஜரில் இருக்கும், காற்றுப் போகும் வழியில் இருக்கும். எனவே வெளியிலிருந்து உள்ளே என்ற ஒழுங்கில் சந்தேகப்படப் பழகுங்கள். இந்தக் கட்டுரையும் அந்த ஒழுங்கிலேயே போகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதல் கேள்வி தடிப்பு. ஒரே நிறுவனமே மெல்லியதும் தடித்ததுமாக இரண்டு வகை வேர்க்ஸ்டேஷன் செய்கிறது. பிரிசிஷன் 5000 வரிசை, திங்க்பேட் பி1, இசட்-புக் ஸ்டூடியோ ஆகியவை மெல்லியவை. பிரிசிஷன் 7000 வரிசை, திங்க்பேட் பி50 முதல் பி53 வரை, இசட்-புக் 15 ஆகியவை தடித்தவை. மெல்லியதைக் கையில் எடுத்தால் ஆசை வரும். எங்கள் வெயிலுக்கு நான் தடித்ததையே சொல்வேன். விசிறிக்கு இடம் அதிகம், அடிமூடியைக் கழற்றுவது எளிது, ரேம் பலகைகளை நீங்களே மாற்றலாம். மெல்லிய மாதிரிகள் சிலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது பழுதானால் ரேம் மட்டும் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது வயது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறை புரொசெசரிலிருந்துதான் முறைப்படி ஏறும். பி50, பி51, பிரிசிஷன் 7510, 7520 ஆகியவை ஆறாம், ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தவை. மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் அதுதான். எட்டாம் தலைமுறையில் வரும் பி52, பிரிசிஷன் 7530 இரண்டிலும் பெரும்பாலும் என்விடியா நிறுவனத்தின் குவாட்ரோ பி வரிசைக் கிராபிக்ஸ் அட்டை இருக்கும். என்விடியா அந்தத் தலைமுறைக்கான டிரைவர்களை, அதாவது அட்டையை இயக்கும் மென்பொருளை, 580ஆம் பதிப்புக் கிளையோடு நிறுத்துகிறது. இன்றைக்கு அவை ஓடும், ஆனால் மென்பொருள்கள் புதிய டிரைவர் கேட்கும் நாள் வரும். கையில் காசு இருந்தால் 2019இல் வந்த பி53, பிரிசிஷன் 7540, இசட்-புக் 15 ஜி6 ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். மறுபக்கம், மிகப் புதியதிலும் ஒரு சங்கடம் உண்டு. 2022இல் வந்த பிரிசிஷன் 7670இல் வழக்கமான ரேம் பலகைக்குப் பதிலாகக் காம் என்ற புதுவகைப் பலகையை டெல் கொண்டுவந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் எளிதில் அகப்படாத பொருளை நம்பி வன்னியில் இயந்திரம் வைத்திருப்பது புத்தியல்ல.

அடுத்தது, சுவிஸ் மாமாவும் கனடாச் சித்தப்பாவும் கொண்டுவரும் இயந்திரங்கள். அவர்கள் அன்போடுதான் கொண்டுவருகிறார்கள். ஆனால் வேர்க்ஸ்டேஷன்கள் பெரும்பாலும் கம்பனிகள் குத்தகைக்கு எடுத்துப் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுபவை. அவற்றில் கம்பனியின் பூட்டு எஞ்சியிருக்கலாம். விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயோஸின் கடவுச்சொல் ஒரு வகை. விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் யாரோ ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கேட்கும் பூட்டு இன்னொரு வகை. இரண்டாவது வகை, விற்பவர் கையில் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் விண்டோஸை மீள நிறுவும் நாளில்தான் முகம் காட்டும். எனவே காசு கொடுக்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். பயோஸுக்குள் நுழைந்து ஓர் அமைப்பை மாற்றிச் சேமிக்க முடிகிறதா என்று பாருங்கள். விண்டோஸை முழுமையாக மீளமைத்து, இணையத்தோடு இணைத்து, தொடக்கத் திரைகளைத் தாண்டிப் போக முடிகிறதா என்று பாருங்கள். அடியில் உள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இட்டு, அதே மாதிரிதானா என்று ஒப்பிடுங்கள்.

விசைப்பலகையையும் கவனியுங்கள். சுவிஸ், ஜெர்மன் விசைப்பலகைகளில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கும். பிரான்ஸிலிருந்து வருவதில் கியூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கும். தடித்த மாதிரிகளில் விசைப்பலகையைத் தனியாக மாற்றலாம் என்பதால் இது பெரிய குறையல்ல, விலை பேச உதவும் குறை.

விமானத்தில் வரும் பற்றரி பற்றியும் ஒரு வார்த்தை. 100 வாட்-மணி வரையான பற்றரியை முன்அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுவரலாம். பெரிய வேர்க்ஸ்டேஷன் பற்றரிகள் 90, 97 வாட்-மணி என்று அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பது இதனால்தான். தனியாகக் கொண்டுவரும் உதிரிப் பற்றரியைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கையோடுதான் கொண்டுவர வேண்டும். இதை உறவினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம்

எங்கள் பக்கத்தில் மின்சாரத்தைத் திட்டாதவர் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். ஆனால் வேர்க்ஸ்டேஷனுக்கு மின்வெட்டு பெரிய எதிரியல்ல. அதற்குள்ளேயே பற்றரி இருக்கிறது. தாழ்ந்த வோல்டேஜும் எதிரியல்ல. சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்: 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். பின்னேரத்தில் வோல்டேஜ் இறங்கி மின்குமிழ் மங்கினாலும் சார்ஜர் தன் வேலையைச் செய்யும். கனடாவிலிருந்து வந்த சார்ஜர் இங்கே வேலை செய்வதும் இதே காரணத்தால்தான். அதற்குச் சுவரில் செருகும் வயரை மட்டும் மாற்றினால் போதும். 'ஸ்டெபிலைசர்' வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான எதிரிகள் மூன்று. முதலாவது இடி மின்னல். மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும், அதாவது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களில், பிற்பகல் இடி இங்கே வழக்கம். வானம் கறுக்கத் தொடங்கியவுடன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, ஏனெனில் அதன் சிறு இடைவெளியை மின்னல் எளிதில் தாண்டிவிடும். ரவுட்டரிலிருந்து வயர் மூலம் இணைத்திருந்தால் அந்த வயரையும் கழற்றுங்கள். பலர் இதை மறந்து, மதர்போர்டை அந்த வழியில் இழக்கிறார்கள்.

இரண்டாவது, மின்கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுவது. மூன்று தறுவாய் (த்ரீ ஃபேஸ்) வரும் மின்வழியில் நியூட்ரல் அறுந்தால் ஒரு தறுவாய் மட்டும் உள்ள வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட் வரை ஏறலாம். மரக்கிளை முறிந்து விழும் காற்று நாட்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். அடையாளம் எளிது: சில மின்குமிழ்கள் திடீரென வழக்கத்தை விடப் பிரகாசமாக எரியும், மின்விசிறி பேய் பிடித்ததுபோல் சுற்றும். எதையும் யோசிக்காமல் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள்.

மூன்றாவது, ஏர்த் (நில இணைப்பு) இல்லாமை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வேர்க்ஸ்டேஷனின் பெரிய சார்ஜருக்கு மூன்று முள் வயர் வரும். எங்கள் வீடுகளில் பலர் அதற்கு இரண்டு முள் பிளக் போட்டு, சதுர ஓட்டைச் சுவிச்சின் மேல் துளைக்குள் பேனாவையோ குச்சியையோ விட்டு மூடியைத் திறந்து செருகுகிறார்கள். இயந்திரம் ஓடும். ஆனால் உலோக உடலைத் தொட்டால் விரலில் மெல்லிய கூச்சம் தெரியும், தொடுபலகை தானாகத் துள்ளும், ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கும். இதைக் கணினியின் பழுது என்று எண்ணி விண்டோஸை மீள நிறுவியவர்களும் உண்டு. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் ஏர்த்தை நோக்கி விடும் சிறு மின்னோட்டம் போக வழியின்றி உங்கள் விரலைத் தேடுகிறது, அவ்வளவுதான். சரியான மூன்று முள் பிளக் போட்டும் கூச்சம் போகவில்லையென்றால் வீட்டின் ஏர்த்தே வேலை செய்யவில்லை. கோடையில் நிலம் காய்ந்தால் ஏர்த் கம்பியின் தொடர்பு பலவீனமாகும். கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். நிலையான தீர்வுக்கு மின்னிணைப்பாளரை அழைத்து ஏர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது கணினிக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கும் தேவை.

நீட்டிப்பு வயர் பற்றிப் பயப்படுபவர்கள் உண்டு. 240 வாட் சார்ஜர்கூட 230 வோல்ட்டில் ஓர் அம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கும். எனவே வயரின் பருமன் பிரச்சினையல்ல, தொய்ந்த முனைதான் பிரச்சினை. செருகும்போது பொறி பறந்தால், பிளக்கை அசைக்கும்போது சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால், அந்தப் பலகையை எறிந்துவிடுங்கள்.

கலியாண மண்டபத்தில், கோவில் திருவிழாவில் சிறிய பெற்றோல் ஜெனரேட்டரில் ஓட்ட வேண்டி வந்தால், விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் ஏறி இறங்கும்போது அதன் வோல்டேஜும் சேர்ந்து குதிக்கும். அந்த நேரத்தைப் பற்றரியில் கடத்துங்கள், அல்லது நடுவில் ஒரு யு.பி.எஸ். வையுங்கள்.

சார்ஜர் பொய் சொன்னால்

வேர்க்ஸ்டேஷன் சார்ஜர் செங்கல் அளவில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பி50க்கு 170 வாட், பி52, பி53 ஆகியவற்றுக்குக் கிராபிக்ஸ் அட்டையைப் பொறுத்து 170 அல்லது 230 வாட், பிரிசிஷன் 7000 வரிசைக்கு 180 அல்லது 240 வாட் வேண்டும். அதே துளைக்குள் பொருந்தும் 65 அல்லது 90 வாட் சார்ஜரைச் செருகினால் இயந்திரம் எரிந்துவிடாது. ஆனால் மெதுவாகிவிடும், வேலை நடக்கும்போதே பற்றரி இறங்கும்.

டெல்லில் இது இன்னும் சுவாரசியமானது. வட்டமான முனையின் நடுவில் ஓர் ஊசி இருக்கும். மின்சாரம் அதில் வருவதில்லை. "நான் 240 வாட் சார்ஜர்" என்ற செய்தியை மட்டும் அது கணினிக்குச் சொல்கிறது. ஊசி வளைந்தாலோ, உடைந்தாலோ, அதன் மெல்லிய வயர் உள்ளே அறுந்தாலோ கணினிக்குச் சார்ஜரை அடையாளம் தெரியாது. உடனே பற்றரியைச் சார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டு, புரொசெசரை மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போட்டுவிடும். வெளியே தெரிவது ஒன்றுதான்: நேற்று வரை பறந்த கணினி இன்று ஒரு கோப்பைத் திறக்க ஒரு நிமிடம் எடுக்கிறது. விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் புரொசெசர் வேகத்தைப் பாருங்கள். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 0.8 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றால் வைரஸைத் தேடாமல் சார்ஜரைத் தேடுங்கள். பயோஸுக்குள் போனால் இணைக்கப்பட்டிருக்கும் சார்ஜரின் வாட் அளவை டெல் காட்டும். அங்கே தெரியாதது என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அதே அளவுள்ள இன்னொரு சார்ஜரை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்ப்பது எந்தத் திருத்துமிடத்தையும் விட மலிவான சோதனை.

டைப்-சி வழியாகச் சார்ஜ் செய்யலாமா என்று கேட்பார்கள். பழைய டைப்-சி விதிமுறை 100 வாட்டோடு நின்றது. 2021இல் வந்த புதிய விதிமுறை 240 வாட் வரை போகிறது, ஆனால் கணினி, வயர், சார்ஜர் மூன்றும் அதற்கு உடன்பட வேண்டும். பாவித்த வேர்க்ஸ்டேஷனில் டைப்-சி சார்ஜரைக் கடிதம் தட்டச்சு செய்ய மட்டும் நம்புங்கள். 2017 முதல் 2019 வரையான சில திங்க்பேட்களில் டைப்-சி துளையை இயக்கும் தண்டர்போல்ட் மென்பொருளின் குறையால் அந்தத் துளையே செயலிழந்துபோனது. லெனோவோ அதற்கான திருத்தத்தை வெளியிட்டிருக்கிறது. அந்த வயதுடையதை வாங்கினால் முதல் வேலையாக அதை ஏற்றிவிடுங்கள்.

வெயிலும் தூசும்

வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகக் காற்று அடிக்கிறது. ஏ9 வீதியோரமாக இருந்தாலும் சரி, ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே இருந்தாலும் சரி, செம்மண் தூசு மேசையில் படிவதை ஒரு நாளில் இரண்டு தடவை துடைக்கலாம். அதே தூசை வேர்க்ஸ்டேஷனின் இரண்டு விசிறிகளும் நாள் முழுவதும் உறிஞ்சுகின்றன. அது விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் படியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இன்டெல்லின் இந்த வகைப் புரொசெசர்கள் 100 பாகை செல்சியஸை எட்டியதும் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். முழு வேலையில் 85, 90 என்று நின்றால் பதற வேண்டாம். ஆனால் அறை வெப்பம் எத்தனை பாகை ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை பாகை உள்ளேயும் ஏறும். எனவே குளிரூட்டிய அறையில் 88 பாகையில் ஓடும் இயந்திரம், தகரக் கூரையின் கீழ் எல்லையைத் தொட்டுவிடும். கிடுகு வேய்ந்த கொட்டிலில் இருப்பவர் இந்த விடயத்தில் கொடுத்துவைத்தவர், மேலிருந்து விழும் தும்பைச் சமாளித்தால். நீண்ட நேரம் எடுக்கும் ரெண்டரிங், பெரிய வரைபடக் கணிப்பு ஆகியவற்றை மாலையில் ஒழுங்குபடுத்திவிட்டு இரவில் ஓட விடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் குளிரூட்டி அதுதான்.

கோளாறு தூசிலா, வேறெங்காவதா என்று அறியக் கையே போதும். கடும் வேலை கொடுத்துவிட்டுக் காற்று வெளியேறும் துளையில் உள்ளங்கையை வையுங்கள். சூடான காற்று வலுவாக வந்தால் குளிர்விப்பு ஒழுங்காக நடக்கிறது, அறைதான் சூடு. சூடான காற்று மெலிதாக வந்தால் தூசு அடைத்திருக்கிறது. காற்று வலுவாக, ஆனால் சூடில்லாமல் வந்து, கணினி மட்டும் 100 பாகை காட்டினால் புரொசெசருக்கும் செப்புக்கும் இடையிலுள்ள வெப்பம் கடத்தும் பசை காய்ந்துவிட்டது.

தூசை எடுப்பது இப்படி. கணினியை முழுமையாக நிறுத்திச் சார்ஜரைக் கழற்றுங்கள். அடிமூடியின் திருகாணிகளைத் தளர்த்துங்கள். பல மாதிரிகளில் அவை மூடியிலேயே தங்கிவிடும், விழாது. பற்றரியின் இணைப்பைக் கழற்றிய பின்பே வேறெதையும் தொடுங்கள். விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு காற்று அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் விசிறி அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று அச்சு கெடும், தானே மின்னை உண்டாக்கிப் பலகைக்கும் அனுப்பும். மோட்டார் சைக்கிள் கடையின் காற்றுக் குழாயைப் பாவிக்காதீர்கள், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். பசை மாற்றுவதென்றால் செப்புத் தகட்டில் திருகாணிகளுக்கு அருகே அச்சிட்டிருக்கும் இலக்க ஒழுங்கில் முறுக்குங்கள். மூன்று நிறுவனங்களும் ஒவ்வொரு மாதிரிக்கும் பிரித்துப் பூட்டும் கையேட்டைத் தங்கள் தளங்களில் இலவசமாக வைத்திருக்கின்றன. டேட்டா இருக்கும்போதே அதை இறக்கித் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தேவைப்படும் நாளில் கணினி ஓடாது.

திறக்க மனமில்லாதவருக்கு ஒரு குறுக்குவழி. விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் புரொசெசரின் உச்ச அளவை 100இலிருந்து 99 சதவீதமாக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். இன்டெல்லின் டர்போ, அதாவது வேலை கூடும்போது தானாக ஏறும் மேலதிக வேகம், அதில் முழுவதாக நின்றுவிடும், வெப்பம் கணிசமாக இறங்கும். வேகத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு, சித்திரை மாதத்துக்கு அது நியாயமான பேரம்.

மழைக்காலத்தில் கதை வேறு. இரவில் திரை வெளிச்சத்துக்கு ஈசல் வந்து விசைப்பலகைக்குள் இறங்கும், ஈரத்துக்கு எறும்பு சூடான இடம் தேடி உள்ளே குடியேறும். பாவிக்காமல் பையில் மூடி வைப்பதை விட, வாரத்தில் ஓரிரு தடவையாவது ஓடவிடுவது நல்லது.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சில

விண்டோஸ் 11 பல கணினிகளில் வட்டை, அதாவது கோப்புகள் இருக்கும் சேமிப்பகத்தை, தானாகவே பூட்டிவிடுகிறது. பயோஸில் எதையாவது மாற்றினால், அல்லது மதர்போர்ட் மாறினால், 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். கொப்பியில் எழுதி வையுங்கள். பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், ஏன் என்று கீழே தெரியும். தொலைபேசி டேட்டாவில் இணைபவர், அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்று விண்டோஸில் குறித்துவிடுங்கள். இல்லையேல் மாதத்து டேட்டாவை விண்டோஸ் ஒரே இரவில் விழுங்கிவிடும்.

கிராபிக்ஸ் அட்டையையும் அன்றே சரிபாருங்கள். வேர்க்ஸ்டேஷனில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு: புரொசெசருக்குள் இருக்கும் சிறியது, தனியான பெரியது. ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ் போன்றவை சிறியதில் ஓடிக்கொண்டிருக்க, உரிமையாளர் பெரியதைக் குறைசொல்லிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது. விண்டோஸின் திரை அமைப்பில் கிராபிக்ஸ் என்ற பகுதிக்குப் போய், அந்த மென்பொருளைச் சேர்த்து, உயர் செயற்றிறன் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

உயிரே வராதபோது

இப்போதுதான் உள்ளே போகிறோம். சுவிச்சையும் சார்ஜரையும் இன்னொன்றால் சோதித்துவிட்டீர்கள், இன்னும் உயிர் இல்லை. சார்ஜரைக் கழற்றி, பற்றரி கழற்றக்கூடியதென்றால் அதையும் கழற்றி, தொடக்கப் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே பற்றரி உள்ள பல திங்க்பேட்களில் அடியில் ஊசி நுழையும் சிறு துளை இருக்கும், அதை அழுத்தினாலும் இதே பலன். பிறகு சார்ஜரை மட்டும் இணைத்துத் தொடக்குங்கள். மின்னல், வோல்டேஜ் குதிப்பு ஆகியவற்றுக்குப் பின் உறைந்து நிற்கும் இயந்திரங்கள் பல இந்த ஒரு வைத்தியத்தில் எழுந்துவிடும்.

எழாவிட்டால் விளக்கைப் பாருங்கள். டெல் தன் நோயைச் செம்மஞ்சள், வெள்ளை மினுக்கங்களால் சொல்லும். செம்மஞ்சள் இரண்டு, வெள்ளை மூன்று என்றால் ரேமைக் காணவில்லை. இரண்டு, நான்கு என்றால் ரேம் பழுது. இரண்டு, ஏழு என்றால் திரை. மூன்று, ஒன்று என்றால் நாணயப் பற்றரி, அதாவது திகதியையும் அமைப்புகளையும் காக்கும் சிறு வட்டப் பற்றரி. எச்.பி. பெரிய எழுத்து விசையின் விளக்கால் மினுக்கும். புதிய திங்க்பேட்கள் ஒரு சிறு இசையை எழுப்பும், லெனோவோவின் தொலைபேசிச் செயலி அதைக் கேட்டுப் பழுதைச் சொல்லும். ரேம் என்று வந்தால் எல்லாப் பலகைகளையும் கழற்றி, தங்க நிற முனையை மென்மையான அழிறப்பரால் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டுத் தொடக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். நான்கு துளை உள்ள மாதிரிகளில் இரண்டு விசைப்பலகைக்குக் கீழே ஒளிந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

உயிர் இருக்கிறது, திரை கறுப்பு என்றால் தொலைபேசி விளக்கைத் திரையில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்குக் கோளாறு. வெளித்திரை ஒன்றில் இணைத்துப் படம் வந்தால் மதர்போர்ட் நலம். டெல்லில் டி விசையைப் பிடித்தபடி தொடக்கினால் திரை தன்னைத்தானே சோதித்து நிறங்களைக் காட்டும்.

கணினி தொடங்கி, விண்டோஸ் மட்டும் நீலத் திரையில் விழுந்து, தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்று சொன்னால், விண்டோஸை மீள நிறுவ ஓடாதீர்கள். முதலில் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் உள்ளே இருக்கும் நாணயப் பற்றரி இறந்துவிட்டது. அது இறக்கும்போது பயோஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். டெல்லில் அந்த நிலையில் வட்டை இணைக்கும் முறை பெரும்பாலும் ரெய்ட் என்று இருக்கும். உங்கள் விண்டோஸ் ஏ.எச்.சி.ஐ. என்ற மற்ற முறையில் நிறுவப்பட்டிருந்தால் அது தொடங்காது. பற்றரியை மாற்றி, முன்பு எடுத்து வைத்த படத்தைப் பார்த்து அந்த ஓர் அமைப்பைப் பழையபடி ஆக்கினால் கோப்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

காரணமில்லாமல் இடையிடையே நீலத் திரை வந்தால் தயாரிப்பாளரின் சோதனையை ஓட்டுங்கள். டெல்லில் தொடக்கத்தில் எஃப்12, எச்.பி.யில் எஃப்2, திங்க்பேட்டில் எஃப்10. ரேம் சோதனையை இரவு முழுக்க விடுங்கள், சில பிழைகள் சூடேறிய பின்தான் வெளிவரும்.

பற்றரி

வேர்க்ஸ்டேஷனை நாள் முழுவதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர், சார்ஜ் எல்லையை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். மூன்று நிறுவனங்களும் தங்கள் மென்பொருளில் அல்லது பயோஸில் இதற்கு வழி வைத்திருக்கின்றன. பற்றரியை மூப்படையச் செய்வது முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்த கூட்டு. பற்றரியில் ஓடும்போது கிராபிக்ஸ் மெதுவாவது பழுதல்ல, அவ்வளவு மின்சாரத்தைப் பற்றரியால் கொடுக்க முடியாது.

தொடுபலகை மேலெழும்பினாலோ, அடிமூடி பொருந்தாமல் பிதுங்கினாலோ, மேசையில் வைத்தால் கணினி ஆடினாலோ பற்றரி வீங்கிவிட்டது. அன்றோடு அதைப் பாவிப்பதை நிறுத்துங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்க முயலாதீர்கள், தீப்பற்றும். கழற்றியதை வளவில் குப்பையோடு சேர்த்து எரிக்கவும் கூடாது. நிழலான இடத்தில் மணல் போட்ட தகரப் பெட்டியில் வைத்திருந்து, பழைய பற்றரி எடுக்கும் இடத்தில் கொடுங்கள். தடித்த மாதிரிகள் பல பற்றரி இல்லாமலே சார்ஜரில் ஓடும், புதியது கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும் வரை வேலை நிற்காது. மின்தடை வந்தால் சேமிக்காதது போய்விடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கைதேர்ந்த திருத்துநர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், என்ன விளக்கு எத்தனை தடவை மினுங்கியது, எந்தச் சார்ஜரை மாற்றிப் பார்த்தீர்கள், கடைசியாக இடி இடித்தது எப்போது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும். உங்கள் சார்ஜரையும் கூடவே கொண்டுபோங்கள், அந்த அளவுச் சார்ஜர் எல்லாக் கடையிலும் இருக்காது.

கொடுக்கு முன் வட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். தடித்த வேர்க்ஸ்டேஷனில் எஸ்.எஸ்.டி.யைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு திருகாணிதான். கழற்றும்போது அதன்மேல் ஒட்டியிருக்கும் வெப்பத் தகட்டையும் அந்தத் திருகாணியையும் சேர்த்து ஒரு உறையில் போட்டு, கணினியின் வரிசை எண்ணை மேலே எழுதி வையுங்கள். வட்டு சம்பந்தப்பட்ட பழுது என்று திருத்துநர் சொன்னால் பிறகு கொண்டுபோய்க் கொடுக்கலாம். ரேம் பலகைகளின் எண்ணிக்கையையும் அளவையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். மதர்போர்ட் மாற்ற வேண்டும் என்ற பதில் வந்தால் உடனே சம்மதிக்காமல், அதே மாதிரியில் திரை உடைந்த ஒன்று முழுதாக என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். பல நேரம் அது மலிவாக இருக்கும், கூடவே ஒரு விசைப்பலகையும் இரண்டு விசிறியும் உதிரியாகக் கையில் மிஞ்சும்.